பேர்னாட் வீட்டு லேத்தின் மூன்று கம்பிகள்

கொட்டாஞ்சேனையில் பேர்னாட்டின் வீட்டு முன்னறையில் இருந்த, இரும்பு கடையும் லேத்துக்கு மூன்று கம்பியில் மின்சாரம் வேண்டும். வீட்டுக்கு வந்தது ஒன்றுதான். மற்ற இரண்டில் ஒன்றுக்கு பேர்னாட்டின் கோபமும் அடுத்ததற்கு அவர் மனைவி பிறிஜெற்றின் கோபமும் ஓடின. ஒழுங்கையில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

முதலில் பேர்னாட்டுக்கு வீதியில் மூன்று கம்பி இழுத்த பட்டறை இருந்தது. பக்கத்து ஐஸ் தொழிற்சாலைக்காரர் பற்றிக்குக்கு அந்த இடத்தில் கண். மாதா கோவிலில் இருவரும் ஒரே வாங்கில் முழங்காலில் நிற்பவர்கள். எண்பத்தாறில் பற்றிக், பேர்னாட் இயக்கத்துக்குத் துவக்குக் குழாய் கடைகிறார் என்று பொலிசுக்கு மொட்டைப் பெட்டிசம் போட்டார். அவர் கடைந்ததெல்லாம் தண்ணீர்ப் பம்பிக்குப் புஷ் வளையம். ஏழு மாதம் அடைத்து வைத்தார்கள். பிறிஜெற் நாள் தவறாமல் சோற்றுப் பார்சல் கொண்டுபோய் கேற்றடியில் நின்று, அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மனுசன் வெளியே வந்தபோது பட்டறையில் ஐஸ் அடுக்கியிருந்தது. லேத் மழையில் கிடந்தது.

அதை வீட்டுக்கு உருட்டி வந்தார்கள். நாலு பல்புக்கும் ஒரு றேடியோவுக்கும் போட்ட லைன் அது. சுவிச்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை, ஒழுங்கை முழுக்க இருண்டது. மோட்டாரைக் கிளப்பக் கப்பாசிற்றர் பூட்டியும் பலனில்லை. மூன்றாம் நாள், புருசனும் பெண்சாதியும் மிஞ்சிய இரண்டு கம்பிகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பற்றிக்கை வாயாரத் திட்டியபோது மோட்டார் வழுவழுவென்று சுற்றியது. பிறகு பிடிக்கவும் தேவைப்படவில்லை. மனதில் வைத்திருந்தால் போதும்.

ஒரு தவக்காலத்தில் மட்டும் பிசகியது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார் மன்னிக்கச் சொல்ல, பேர்னாட் உண்மையாகவே மன்னித்துவிட்டார். பாதி கடைந்த புஷ்ஷோடு லேத் நின்றது. ஒன்பது நாள் அடுப்பு எரியவில்லை. பத்தாம் நாள் பிறிஜெற், திரும்பி வந்த பார்சல்களின் பேப்பர்களை, மடித்து வைத்திருந்தபடியே எடுத்து அவர் முன் வைத்தாள். லேத் ஓடியது. அதன் பிறகு அந்த ஒரு பாவத்தை அவர் சுவாமியாரிடம் சொல்வதில்லை. அது தொழில் விசயம் என்பார்.

தொண்ணூற்றைந்தில் பற்றிக்கின் ஐஸ் உடைக்கும் மெசினில் தண்டு முறிந்தது. வேறெங்கும் சரிவராமல், அதைத் தூக்கிக்கொண்டு அவரே வாசலில் வந்து நின்றார். சுவிச் போடமுன்பே லேத் சுற்றியது. பேர்னாட் புதுத் தண்டு கடைந்தார். பார்த்துநின்ற பற்றிக்குக்குக் கண் கலங்கியது.

“பேர்னாட், அந்தப் பெட்டிசம் நான்தான். என்னை மன்னி...”

மோட்டார் தளர்ந்தது.

“பற்றிக் அண்ணை, வாயை மூடுங்கோ!” என்றாள் பிறிஜெற். “எங்கட சோத்தில மண் போடாதேங்கோ. சொல்ல வந்ததை வயித்துக்குள்ளயே வச்சிருங்கோ.”

கொண்டுவந்த சொல்லை அவர் திருப்பிக் கொண்டுபோனதில் அவளுக்கு அன்றுதான் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த ஆறு வருடமும் பற்றிக் சனிக்கிழமைகளில் அந்தச் சொல்லோடு வந்தார். வாய் திறக்கமுன் பிறிஜெற் தேநீரும் சீனி தூவிய கிம்புலா பணிசும் நீட்டினாள். சொல் தொண்டையில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியது. டொக்டர்மார் வெட்டப் பயந்தார்கள். அதனாலேயே செத்தார்.

இருவரும் கறுப்பு உடுத்துப் போய் மண் போட்டார்கள், அழவில்லை. திங்கட்கிழமை பேர்னாட் பயந்து பயந்துதான் சுவிச்சைப் போட்டார். லேத் வழமைபோலச் சுற்றியது.

“ஆள் போயிற்றார். இன்னும் சுத்துதே, பிறிஜெற்?”

“போகட்டும். நான் மன்னிச்சனான் எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டு, அவள் மிஞ்சியிருந்த பணிசைத் தேநீரில் தோய்த்தாள்.