நர்மதாவின் தொட்டிக்கு எந்தப் பெட்டி

1

இந்தக் கதை நர்மதா என்னிடம் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

"அண்ணா, நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களே, ஒரு முடிவு சொல்லுங்க. பெட்டியை உள்ள வெக்கறதா, வெளிய வெக்கறதா?"

நான் நாமக்கல்லில் முட்டைத் தட்டு வியாபாரம் செய்பவன். எழுத்து ஞாயிற்றுக்கிழமை வேலை. முடிவுகள் எனக்கு ஒருபோதும் சரியாக அமைந்ததில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாளே என்று தலையாட்டிவிட்டு வந்து இப்படி ஆரம்பித்தேன்:

"நாமக்கல்லுக்குக் கடல் கிடையாது. ஆனால் தீனதயாளனின் கூடத்தில் ஒரு கடல் இரைந்துகொண்டிருந்தது. அதன் அலைகளில் மனிதகுலத்தின்—"

மனிதகுலம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதைவிடப் பெரிய பிழை, அந்தக் கடல் தீனதயாளனுடையதே இல்லை. அவன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரன், என் சிநேகிதன். ஆம்பளைதான் இப்படியெல்லாம் செலவு இழுத்துக்கொள்வான் என்று என் கை தானாக எழுதிவிட்டது. தொட்டி அவன் மனைவி நர்மதாவுடையது. மருந்துக்கடை நடத்துகிறவள். இந்த வரிகளைப் படித்துவிட்டு, "தொட்டி கழுவறது நானு, பேரு அவருக்குங்களா?" என்றாள்.

திருத்திவிட்டேன்.

2

இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள் என்று சொல்ல ஆசைதான். போனால் பிறகு விளங்காது.

நர்மதா வளர்ப்பது உயிருள்ள பவளங்கள், கூடச் சில மீன்கள். உப்புத் தண்ணீர். தொட்டியின் பின்கண்ணாடியில் மேலே துளைகள் போட்டிருக்கும். மேல்மட்டத்துத் தண்ணீர் ஒரு பெட்டிக்குள் வழிந்து, துளை வழியாகக் குழாயில் இறங்கி, அடியில் இருக்கும் இன்னொரு தொட்டிக்குப் போகும். அங்கே சுத்தமானதும் மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். அடித்தொட்டிக்குப் பெயர் சம்ப். (வாசலில் பூமிக்கடியில் தண்ணீர் பிடித்து வைக்கிற சம்ப் வேறு. இந்தக் குழப்பத்தை வைத்துப் பின்னால் ஒரு இடம் வரும். சிரித்தாக வேண்டும் என்றில்லை.) தண்ணீர் வழிகிற பெட்டிக்குப் பெயர் ஓவர்ஃப்ளோ பாக்ஸ். கதை இந்தப் பெட்டியைப் பற்றியது.

அவள் முதலில் வைத்திருந்தது உள்பக்கப் பெட்டி. தொட்டிக்குள்ளேயே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரே குழாய். அது தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுப்பதால், சொம்பை அண்ணாந்து குடிப்பவன் தொண்டை மாதிரி களக் களக் என்று ஓயாத சத்தம். இன்னொரு வகை, வெளிப்பக்கப் பெட்டி. தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். மூன்று குழாய்கள், ஒன்று அடைத்தால் இன்னொன்று இழுக்கும். சத்தம் வராது. ஆனால் அது உட்கார, தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுக்க வேண்டும்.

இவ்வளவுதான். பரீட்சை கிடையாது.

3

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா கட்டிய வீட்டை அண்ணன் கைலாசமும் தம்பி தீனதயாளனும் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் அது. நாலு விரல் என் பக்கம் ஏறி நிற்கிறது என்றார் அண்ணன். தம்பி டேப்பை வைத்து அளந்து காட்டினான். டேப்பே தப்பு என்றார் அண்ணன். அத்தோடு பேச்சு நின்றது. ("அன்று முதல் அந்தச் சுவர் இரு இதயங்களுக்கு நடுவே" என்று எழுதி அடித்திருக்கிறேன். அது செங்கல் சுவர்தான்.)

தொட்டியை நர்மதா அந்தச் சுவரோரம்தான் வைத்தாள். அந்தப் பக்கம் கைலாசத்தின் கட்டில். கோழித் தீவனக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வது அவர் வழக்கம். தொட்டி ஓட ஆரம்பித்த முதல் மத்தியானமே சுவரில் டொக் டொக் என்று கேட்டது.

தொட்டியைப் பொருத்த உதவியதால் அன்று வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த தீனதயாளன் சோற்றில் வைத்த கையோடு நிமிர்ந்தான்.

"அண்ணன் தட்டறாரு."

"சத்தம் பொறுக்காம தட்டறாருங்க. பெட்டியை மாத்திப்போடறேன்."

"அவசரமில்ல, இருக்கட்டும்."

அதுவரை மத்தியானச் சாப்பாடு பட்டறைக்குக் கேரியரில் போகும். பிறகு அவனே வீட்டுக்கு வர ஆரம்பித்தான். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். சுவர் தட்டப்பட்டதும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவான்.

4

ஒரு நாள் தொட்டியிலிருந்த நத்தை ஒன்று குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் விளிம்புவரை ஏறிவிட்டது. தற்செயலாகப் பார்த்த நர்மதா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள்.

"வெளிப்பெட்டிக்குச் சொல்லப்போறேங்க," என்றாள்.

"நத்தையை எடுத்துப்போட்டா ஆச்சு. இதே பெட்டி இருக்கட்டும்."

"ஏனுங்க, உங்கண்ணன் தூங்கவே கூடாதுங்களா? அவர் மேல இருக்கற கோபத்துல என் பவளம் சாவணுமா?"

தீனதயாளன் நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்ப உட்கார்ந்தான்.

"சத்தம் நின்னுபோச்சுன்னா அப்பறம் அவரு எதுக்குத் தட்டப் போறாரு?"

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. தகரத்தை அடித்து நிமிர்த்துகிற, லாரி ஓனர்களோடு மல்லுக்கு நிற்கிற ஒருத்தன் இப்படிச் சொல்வானா? நர்மதா சேர்த்துச் சொல்கிறாளோ என்று பட்டறைக்கே போய்க் கேட்டேன். கிரைண்டர் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று கையைக் காட்டினான். அப்போது எந்தக் கிரைண்டரும் ஓடவில்லை. அதனால் அந்த வரியை அப்படியே வைத்திருக்கிறேன்.)

5

மறுநாள் நர்மதா பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றாள்.

"மாமா, எங்க தொட்டிக்கு எந்தப் பெட்டி வெக்கறதுன்னு நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க."

கைலாசம் சட்டை போட்டுக்கொண்டு, வெளியூர் விசேஷத்துக்குப் போகிறவர்போல் வந்தார். தம்பி கூடத்தில்தான் இருந்தான். அவர் நேராகத் தொட்டியருகே போய்க் குனிந்தார்.

"இது என்னம்மிணி?"

"சம்ப்புங்க மாமா."

"வாசல்லதான் ஒரு சம்ப் இருக்குதே. பாகத்துல உங்களுக்குத்தான வந்துது."

"இது மீனுக்குங்க."

"மீனுக்குத் தனியாவா," என்றவர் வெகுநேரம் பவளங்களையே பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "பெட்டியை வெளியவே வெச்சுரு. உள்ள வெச்சா பாவம், அதுங்களுக்கு எடம் பத்தாது. தொட்டியை ஒரு சாண் முன்னால இழுத்துக்கச் சொல்லு உன் ஊட்டுக்காரர்கிட்ட."

ஊட்டுக்காரர் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தான்.

"நாலு விரலுக்குப் பேச்சை நிறுத்துனவரு ஒரு சாண் உடச் சொல்றாரான்னு கேளு, நர்மதா."

"அவன் எடந்தான அம்மிணி. அவன் உட்டா நானா தடுக்கப் போறேன்?"

"ரெண்டு பேரும் என்னைய உட்டுப்போட்டுப் பேசிக்குங்க. எனக்கு வாய் வலிக்குது," என்றாள் நர்மதா.

இருவரும் உடனே பேச்சை நிறுத்தினார்கள். நர்மதா போட்டு வைத்த காபியைத் தொடாமலே கைலாசம் போய்விட்டார்.

6

இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கரண்டு போகிறது, தொட்டி வழிகிறது, உப்புத் தண்ணீர் கூடமெங்கும் பரவுகிறது, அண்ணன் ஓடிவர, இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழித்தெடுத்து—

நர்மதா இதற்கு ஒப்பவில்லை. "கரண்டு போனா எத்தனை தண்ணி எறங்கும்னு பார்த்துத்தான் சம்ப்புல எடம் உட்டிருக்கறேன். என் தொட்டி வழியாது. வேற எழுதுங்க."

சுவரை இடிப்பதாகவும் ஒரு முடிவு எழுதினேன். மாடி அந்தச் சுவர்மேல்தான் நிற்கிறது. விட்டுவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நர்மதா வெளிப்பெட்டியை வரவழைத்தாள். தீனதயாளன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பட்டறை ஆட்களைக் கூட்டிவந்து, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தான். சத்தம் நின்றது. சுவரும் பிறகு தட்டப்படவில்லை. அவன் பழையபடி கேரியருக்குத் திரும்பினான். பவளங்கள் மட்டும் நன்றாக விரிந்தன.

7

போன வாரம் ஒரு மத்தியானம் கைலாசம் தானாகவே வந்து வாசலில் நின்றார். "சத்தமே காணோம். மீனெல்லாம் இருக்குதா அம்மிணி?" நர்மதா உள்ளே உட்காரவைத்தாள். கடைக்கு மருந்து லோடு வந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருங்கள் மாமா என்று கிளம்பிப் போய்விட்டாள். புருஷனுக்குப் போன் பண்ணவேயில்லை என்கிறாள். (நான் நம்பவில்லை.) தீனதயாளன் வந்திருக்கிறான். கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும். சொல்லு என்று சொல்ல நடுவில் ஆளில்லை.

அவள் திரும்பியபோது யாரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. தொட்டிக்கு முன்னால் தரையில் இரண்டு டம்ளர்கள். ஒன்றின் அடியில் கரையாத சர்க்கரை. மற்றதில் சர்க்கரையே இல்லை.

கைலாசத்துக்குச் சர்க்கரை வியாதி வந்தது பேச்சு நின்ற பிறகு. மாத்திரை வாங்குவது நர்மதா கடையில். கடை விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை என்பதால் அவள் அதைப் புருஷனிடம் சொன்னதே இல்லை.

"அப்ப இவருக்கு எப்படிங்கண்ணா தெரிஞ்சுது?" என்று என்னிடம் கேட்டாள். புருஷனிடமும் கேட்டிருக்கிறாள். "மீனப் பார்த்துட்டு இருந்தோம்," என்றானாம். கைலாசத்திடம் கேட்டதற்கு, "டீ நல்லால்லே," என்றாராம்.

ஆக, யாரோ முதலில் வாயைத் திறந்திருக்கிறார்கள். சர்க்கரை போடட்டுமா என்று தம்பி கேட்டதாக எழுதினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிறது. அண்ணன் வேண்டாம் என்று சொன்னதாக எழுதினால் அதிகாரம் செய்வதுபோல் ஆகிறது. இரண்டையும் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். நான் அங்கே இல்லை. அந்த இரண்டு வரிக்கும் கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம், அடுப்பில் பால் இருக்கிறது.

"…………………………"

"…………………………"