ஏழாவது குழி

அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவள் அவளுடைய நாத்தனார். நாத்தனார் அண்ணி என்று கூப்பிடப் போய், பக்கத்து மேசைக்காரர்களும் கூப்பிட்டு, கடைசியில் அறுபது வயது முதலாளியும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நாத்தனாருக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். முப்பத்தெட்டு வயதாகியும், காதோரம் நாலு முடி நரைத்தும், அவள் பாப்பாதான்.

பட்டறை ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மின்சாதனங்களுக்கு உள்ளே ஓடும் கேபிள்களை வெட்டி, நுனி உரித்து, கனெக்டர் மாட்டிக் கொடுக்கிற வேலை. ஒன்பது பேர். அண்ணி பதினொரு வருஷமாக ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் மேசையில் இருந்தாள். பாப்பா ஜன்னலோரம் டெஸ்ட் மேசையில். அவள் தேறாது என்றால் அந்தக் கேபிள் வாசலைத் தாண்டாது.

சாமான் வாங்குகிற ஸ்டோர்காரர் மகளோடு இருக்கப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டார். அவர் இடம் பாப்பாவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், பாப்பாவும் நினைத்திருந்தாள். முதலாளி என்ன நினைத்தாரோ, ஒரு திங்கட்கிழமை காலை தலையணை கனத்துக்கு ஒரு கேட்டலாக்கைக் கொண்டுவந்து அண்ணியின் மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டில்களை ஏற்றி இறக்குகிற மோட்டார்களுக்கு நாற்பது கேபிள் வேண்டுமாம். இந்தத் தடவை சால்டர் கிடையாது, கிரிம்ப்பிங்தான்; கனெக்டருக்குள் போகும் உலோகப் பின்னின் வாலில் கம்பியை வைத்து டூலால் ஒரே அமுக்கு. எது எது வேண்டுமோ பார்த்து வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணி திரும்பிப் பார்த்தாள். பாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே எதிர்க் கட்டிடத்துச் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது.

அன்றிலிருந்து வீட்டில் பாப்பா அவளோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

நானா கேட்டேன் இந்த வேலையை என்று அண்ணிக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் அதை நினைக்கக்கூட கேட்டலாக் விடவில்லை. ஒரு கனெக்டரைப் பிடித்தால் அது தனக்கு வேண்டியதையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தது. வெளிக் கூட்டுக்குள் செருக உலோகப் பின், அந்தப் பின்னை அமுக்க டூல், தவறிப் போட்ட பின்னைப் பிடுங்க எக்ஸ்ட்ராக்டர், ஈரம் புகாமலிருக்க ரப்பர் சீல், கேபிளைப் பிடித்துக்கொள்ள கிளாம்ப், அதன் மேல் சுருங்கும் ஸ்லீவ். ஒவ்வொன்றிலும் இருபது வகை. வகைக்கு வகை ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குத் தூக்கிவந்து, சமையலறையிலிருந்தே விற்பனைக்காரருக்கு போன் போட்டாள். ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்று அவர் கேட்டார். படத்தில் இருப்பது வாயைத் திறந்துகொண்டு இன்னொன்றை உள்ளே வாங்கிக்கொள்கிறது, ஆகவே பெண் என்றாள். அவர் இல்லையென்றார். வெளிக் கூட்டைப் பார்க்கக்கூடாது, உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது பின்னா குழியா என்றுதான் பார்க்க வேண்டும். உங்களுடையதில் பின், ஆகவே ஆண் என்றார். "அப்ப நாப்பதும் ஆணே இருக்கட்டும்" என்று அவள் சொன்னது, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் காதில் விழுந்தது. யார் வீட்டில் இந்த அக்கிரமம் என்று மாமியார் கேட்க, அண்ணனே சிரித்துவிட்டார். பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை சாமான் வந்தது. டூலின் தாடையில் மூன்று பள்ளங்கள். 18, 20, 22 என்று பொறித்திருந்தது. கட்டில் கம்பெனி கொடுத்த வரைபடத்தில் கம்பியின் கனம் அரை சதுர மில்லிமீட்டர் என்று வேறு கணக்கில் இருந்தது. பட்டறையில் புழங்குவதிலேயே மெலிந்த கம்பி அதுதான். மெலிந்ததற்குச் சின்ன எண்தானே என்று அண்ணி 18-ல் வைத்து அமுக்கினாள். டூல் கிளிக் என்றது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு பின் வீதம் பத்து கேபிள் செய்து டெஸ்ட் மேசையில் வைத்தாள்.

பாப்பா பத்தையும் தள்ளிவிட்டாள். பின்னுக்கு ஒரு குழியும் ஒரு விளக்கும் வைத்த டெஸ்ட் பெட்டியில் செருகினால் ஏழாவது விளக்கு மினுக் மினுக்கென்றது. ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்தால் கம்பி பின்னிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. காரணம் எழுதுகிற கட்டத்தில் 'கிரிம்ப் சரியில்லை' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அண்ணி அந்த வரியை நாலு தடவை படித்தாள். நிஜமாகவே சரியில்லையா, இல்லை என்னைச் சரியில்லை என்கிறாளா? யாரைக் கேட்பது? கேட்க வேண்டிய ஆளே அவள்தான். கடைசியில் விற்பனைக்காரரைக் கேட்டாள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும், அரை சதுரத்துக்கு 20-ஆம் பள்ளம், நீங்கள் அமுக்கியது தொளதொளவென்று நிற்கும் என்றார் அவர். யார் இப்படித் தலைகீழாக எண் வைத்தது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. தப்பு தன்னுடையதுதான் என்பதில் ஒரு நிம்மதியும் வந்தது. பாப்பா பொய் சொல்லவில்லை.

அடுத்த பத்தை 20-ல் வைத்துச் செய்தாள். தராசில் இழுத்தால் இம்மி நகரவில்லை. ஆனாலும் ஏழாவது விளக்கு மினுக்கியது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. பின் முழுசாக உள்ளே போகவில்லையோ என்று எக்ஸ்ட்ராக்டரால் பிடுங்கித் திரும்பப் போட்டாள். மினுக்கியது. ரப்பர் சீல் தள்ளுகிறதோ என்று வேறு சீல் வரவழைத்தாள். மினுக்கியது. கிளாம்ப் கேபிளைக் கோணலாக இழுக்கிறதோ என்று அதை மாற்றி, ஸ்லீவை அரை விரல் குறைத்து, ஏழாவது கம்பியை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டுப் பார்த்தாள். எதை மாற்றினாலும் பத்தில் ஏழெட்டு மினுக்கின. இரண்டு மூன்று தேறின. எது தேறும் எது தேறாது என்பதற்கு ஒரு முறையும் இல்லை. நேற்றுத் தேறியது இன்று தேறவில்லை.

தேறாதவற்றைப் பாப்பா ஒரு வார்த்தை பேசாமல் தட்டில் திருப்பி வைத்தாள். வேண்டுமென்றே ஆட்டிப் பார்க்கிறாளோ என்று அண்ணிக்கு ஒரு நிமிஷம் தோன்றும். சீ, வேலையில் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று அடுத்த நிமிஷம் தோன்றும். இரண்டையும் மாறி மாறி நினைத்து, குழம்பு வைக்கும்போது புளியை இரண்டு தடவை கரைத்து ஊற்றினாள். அன்று எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணிக்குச் சாப்பாடு இறங்காது போலிருந்தது. கம்பி மாட்டாத வெறும் பின் ஒன்றை எடுத்துக்கொண்டு டெஸ்ட் மேசைக்குப் போனாள். பெட்டியின் குழிகளில் அதை ஒவ்வொன்றாகச் செருகிப் பெட்டியைக் கவிழ்த்தாள். முதல் குழியில் பின் கெட்டியாக நின்றது. இரண்டு, மூன்று, ஆறு வரைக்கும் அப்படித்தான். ஏழாவதில் செருகிக் கவிழ்த்ததும் பின் டங்கென்று மேசையில் விழுந்தது. இன்னொரு தடவை செய்தாள். விழுந்தது.

நிமிர்ந்தால் பாப்பா சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

அண்ணி பின்னை அவளிடம் நீட்டினாள். பாப்பா வாங்கி, தானே செருகி, தானே கவிழ்த்துப் பார்த்தாள். பின் விழுந்தது.

"இது நான் பண்ணினது அண்ணி" என்றாள். இருபது நாளில் அண்ணியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

உட்கார்ந்து சொன்னாள். முதல் பத்தில் முதல் கேபிளுக்கே ஏழாவது விளக்கு மினுக்கியபோது, கோபத்தில் தள்ளிவிட்டதாகப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று அவளுக்குப் பயம். நூற்றுக்கு நூறு நிச்சயம் செய்துகொள்ள, மீட்டரின் ஊசி முனையை அந்தக் குழியில் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறாள். ஊசி பின்னைவிடத் தடிமன். குழிக்குள்ளே இருக்கிற தகடு விரிந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பெட்டி நல்ல கேபிளுக்கும் மினுக்கத்தான் செய்யும்.

அண்ணி யோசித்தாள். தான் தொளதொளவென்று அமுக்கியதால்தானே அவள் குத்தினாள்? அவள் குத்தியதால்தானே தான் சரியாகச் செய்ததும் கெட்டதாகத் தெரிந்தது? இதில் எது யார் கணக்கு என்று பிரித்துப் பார்த்தாள். பிரிக்க வரவில்லை.

முதலாளி வந்ததும் இரண்டு பேரும் போய் நின்றார்கள். ஏழாவது குழி நான் கெடுத்தது என்றாள் பாப்பா. அவள் குத்தும்படி வைத்ததே என் கிரிம்ப்தான் என்றாள் அண்ணி. முதலாளி இவளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, இப்ப நான் யாரைத் திட்டணும்?"

டெஸ்ட் பெட்டிக்குப் புதுக் குழிக் கனெக்டர் வாங்கிப் போடச் சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

இதுவரை செய்ததில் எது நல்லது எது கெட்டது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. எல்லாமே ஒரே தட்டில் கலந்து கிடந்தன. நுனிகளை வெட்டிப் போட்டுவிட்டு நாற்பதையும் முதலிலிருந்து செய்வது என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அண்ணி அமுக்க அமுக்கப் பாப்பா அங்கேயே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். புதுக் குழியில் முப்பத்தெட்டு கேபிளுக்கு விளக்குகள் நின்று எரிந்தன. இரண்டுக்கு எரியவில்லை. அந்த இரண்டுக்கும் ஏன் எரியவில்லை என்று அரை நாள் தேடியும் புரியவில்லை; விட்டுவிட்டு வேறு இரண்டு செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு இரண்டு பேரும் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பாப்பா மூச்சு வாங்க நின்றாள்.

"அடுத்த தடவை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க அண்ணி."

உதவிக்கு வருகிறேன் என்கிறாளா, இல்லை உனக்கு இது ஆகாது என்கிறாளா? அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். வியர்வையைத் தவிர அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

"கேக்கறேன்" என்றாள். மிச்சப் படிகளை இரண்டு பேரும் சேர்ந்தே ஏறினார்கள்.