ஏறாத நம்பர்

வலி என்ற சொல் அந்த டிரைவரின் வாயில் வரவே வராது. பஸ் கதவில் விரல் நசுங்கினாலும் "ஒண்ணுமில்ல" என்பார். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதும் அதே "ஒண்ணுமில்ல"தான். கல்யாணமான புதிதில், இப்படி ஒரு பொறுமைசாலி வாய்த்தாரே என்று அவர் மனைவிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை போன வருஷம், டிப்போ வாசலில் அவர் ரத்த வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்த அன்றோடு தீர்ந்துபோயிற்று. இரைப்பையில் புற்றுநோய். பாதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். எத்தனை நாளாக வலி இருந்தது என்று டாக்டர் கேட்டதற்கு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் "ஆறேழு மாசமா" என்றார். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்காதது அவரையா, பக்கத்திலேயே படுத்திருந்தும் கண்டுபிடிக்காத தன்னையா என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். டியூமர் மார்க்கர் என்று ஒரு பொருளின் அளவைப் பார்ப்பார்கள். நோய் மறுபடி தலைதூக்கினால் பலருக்கு அந்த நம்பர் ஏறும். இவருக்கு ஏறவே இல்லை. மெஷின் அளக்கக்கூடிய கடைசி அளவுக்கும் கீழே என்றுதான் ஒவ்வொரு தடவையும் வந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் பேர் வாங்காதவர், ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து டிப்போ முழுக்கக் காட்டினார். உன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது என்று கண்டக்டரிடம் சவால் விட்டார். குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்க ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியை மட்டும் டூட்டி என்று சொல்லித் தட்டிக்கழித்தார். அடுத்த தேதியை மறந்துவிட்டாராம். நம்பர்தான் நன்றாக இருக்கிறதே, பிறகு எதற்குத் தொண்டையில் குழாய்?

அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். ஆள் உயரத் துணியைக் கோணாமல் ஓட்டுகிறவளுக்கு, எங்கே ஒரு நூல் இழுத்தாலும் விரலே சொல்லிவிடும். வீட்டிலும் ஏதோ இழுத்தது. சாப்பாட்டு டப்பா தினமும் வழித்துத் துடைத்த மாதிரி காலியாக வந்தது, ஆனால் அவருடைய பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை. ஒருநாள் கண்டக்டர் வீட்டுக்கு வந்தவன், "அண்ணி, உங்க கைப்பக்குவத்துல நான்தான் பெருத்துப்போறேன்" என்று வெள்ளந்தியாய் ஆரம்பித்து, பாதி டப்பா தினமும் தன் பங்குக்கு வந்துவிடுவதை உளறிக்கொட்டினான். அன்று ராத்திரியே அவள் அவரிடம் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. நம்பரப் பாத்தேல்ல?" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த ரிப்போர்ட் வாங்கும் நாளில் அவளும் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த நாற்காலியில் ஓர் இளம் பெண் டாக்டர். நம்பரைப் பார்த்துப் பாராட்டுவாள் என்று டிரைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் பாராட்டவில்லை. கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நின்றாள்.

"ஐயா, ஆபரேஷனுக்கு முன்னாடி, கட்டி உள்ள இருந்தப்பவே உங்களுக்கு இதே நம்பர்தான் வந்திருக்கு."

அவருக்கு அது பிடிபடவில்லை. டாக்டர் நிதானமாக விளக்கினாள். சிலருடைய உடம்புக்குப் பிறவியிலேயே இந்தப் பொருளை உண்டாக்கத் தெரியாது. அது நோய் இல்லை, ஒரு வகை ரத்தம், அவ்வளவுதான். இவரும் அந்த வகையாக இருக்கலாம். அப்படியானால் உள்ளே என்ன நடந்தாலும் நம்பர் ஏறாது, இவர் விஷயத்தில் அதை நம்பவும் முடியாது. யாராக இருந்தாலும் ரத்தம் ஒரு துணைச் சாட்சிதான், கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது.

டிரைவரின் முகம் தொங்கிப்போயிற்று. பஸ்ஸில் மணிக்கயிறு அறுந்தது தெரியாமல் அவர் ஒருநாள் ஓட்டியிருக்கிறார். பின்னால் ஜனங்கள் கயிற்றை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருக்க, இறங்க யாருமே இல்லையென்று ஸ்டாப் ஸ்டாப்பாகத் தாண்டிப் போனார். அந்த ஞாபகம் வந்ததோ என்னவோ, எழுந்து வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். குழாய்க்குத் தேதி போடலாமா என்று டாக்டர் கேட்டது அவர் முதுகுக்குத்தான்.

மனைவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பொது இடத்தில் அவர் கையைத் தொடமாட்டாள். இன்று இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ரத்தமும் உங்கள மாதிரியேதாங்க இருக்கு. உள்ள என்ன ஆனாலும் வாயத் தொறக்காது. அத மாத்த முடியாது. நீங்களாவது சொல்லலாம்ல?"

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே தரை துடைத்துக்கொண்டு வந்த பெண் காலைத் தூக்கச் சொன்னாள். இருவரும் பள்ளிப் பிள்ளைகள் போலக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். துடைத்துவிட்டுப் போன பிறகும் அவர் காலை இறக்கவில்லை.

"நான் வலின்னு சொன்னா நீ தூங்கமாட்ட."

"இப்ப மட்டும் தூங்குறேனாக்கும்."

அவர் அவள் கையை எடுத்து, நெஞ்சுக்குக் கீழே, தையல் தழும்பின் மேல்முனையில் வைத்தார்.

"இங்க வலிக்குது. ரெண்டு மாசமா. சாப்பிட்டா கூடுது. பயமா இருக்கும்மா."

அத்தனை வருஷ வாழ்க்கையில் வலிக்குது என்று அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்முறை. என்ன வந்திருக்குமோ என்று அவளுக்கும் பயம்தான். ஆனாலும் அந்தப் பயத்துக்கு நடுவே, சொல்லிவிட்டாரே என்று ஒரு சந்தோஷமும் வந்தது. அதற்காக வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. அவரை எழுப்பி, டாக்டர் அறைக்கு மறுபடியும் அழைத்துப் போனாள்.

அந்த வாரமே குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலோடு சேர்த்துத் தைத்த இடத்தில் புண். அதிலிருந்து சின்னச் சின்னதாய்க் கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவர் வண்டி ஓட்டவில்லை, அவள் தைத்த திரைகள் அத்தனையும் கோணல். கடைசியில், புற்றுநோய் இல்லை, வெறும் புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னாள். இனிமேல் நம்பரை நம்பாமல் சொன்ன தேதிக்கு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சரி என்று முதலில் தலையாட்டியவர் அவர்தான்.

புண் ஆறிவிட்டது. வாய்தான் மூடவில்லை. திறந்தது திறந்ததுதான். சீட்டு முதுகைக் குத்துகிறது, பல் கூசுகிறது, செருப்பு கடிக்கிறது, கண்டக்டர் விசில் ஊதினால் காது வலிக்கிறது என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிடுவார். இவரா ஒரு காலத்தில் எதற்கும் ஒண்ணுமில்ல சொன்னவர் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். அவள் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். அன்றும் தோள்பட்டையில் தொடங்கிக் குதிகால்வரை ஒவ்வோர் இடமாகச் சொல்லி முடித்துவிட்டு, தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் இன்னும் கொஞ்சம் பரிமாறிவிட்டு, எதிரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.