வெள்ளியின் மேல் ஒரு கோடு

வரைதாளில் அந்த இருக்கக் கூடாத கோடு மறுபடியும் எழுந்து நின்றது. சுண்டுவிரல் நகமளவு வெள்ளி மின்முனையின் மேல் பிரிடின் என்ற திரவத்தின் மூலக்கூறுகள் ஒரே அடுக்காக ஒட்டிக்கொள்ளும். லேசரை விட்டால் சிதறும் ஒளியில் அவற்றின் கோடுகள் தெரியும். வெள்ளி சொரசொரப்பாக இருந்தால் பல ஆயிரம் மடங்கு பலமாகத் தெரியும். என் மாஸ்டர்ஸ் ஆராய்ச்சியே அதுதான். பிரிடினுக்கு அந்த இடத்தில் கோடு கிடையாது. மூன்று மாதமாக வருகிறதே, புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று என் ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் ராதாகிருஷ்ணன் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார். நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

மறுநாள் சீக்கிரமே லேபுக்குப் போனேன். கூட்டித் துடைக்கும் வீரம்மா அக்கா என் மின்முனையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். சுங்கை வேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. இந்த மாதம் நிரந்தரமாகிவிடும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

“என்னக்கா பண்றீங்க?”

“கறுத்துப் போய்க் கெடக்கு தம்பி. வெள்ளிதானே, துந்நூறு போட்டுத் தேச்சா பளிச்சுன்னு ஆயிடும். வாரா வாரம் தேய்க்கிறேன், நீங்கதான் கவனிக்கல.”

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு வெள்ளி விளக்கையும் திருநீறு போட்டுத்தான் துலக்குவார்கள். மின்முனையின் கைப்பிடிக்கும் வெள்ளிக்கும் இடையிலிருந்த இடுக்கில் அந்தச் சாம்பல் அப்பியிருந்தது. அதுதான் எங்கள் கண்டுபிடிப்பு. அந்த மின்முனையைத் தினமும் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியது என் வேலை. சோம்பேறித்தனம், மேசையிலேயே போட்டுவிட்டுப் போவேன்.

போய்ச் சொன்னபோது டாக்டர் சத்தம் போடவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

“பெட்டியில பூட்டி வச்சியா, இல்லையா?”

என் ஸ்காலர்ஷிப் அவர் கையெழுத்தை நம்பித்தான் இருந்தது.

“பூட்டினேன் சார். சாவி ஆணியிலதான் தொங்கும். அவங்க எடுத்திருக்கணும்.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அவர் அதை அப்படியே எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். மின்முனையைக் கழற்றிக் கழுவினேன். கோடு போய்விட்டது.

பத்து நாள் கழித்து வீரம்மா அக்கா பழுப்பு உறையோடு வந்தார். இன்னும் பிரிக்கவில்லை.

“நிரந்தரமாக்குற லெட்டர் வந்துருச்சு தம்பி. மலாய்லதான் போட்டிருப்பாங்க, எனக்குப் பேசத்தானே தெரியும். நீங்க படிச்சுச் சொல்லுங்க லா.”

உறையில் அழுக்குப் படாமலிருக்க அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டதும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, நான் உட்காருவதற்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.