தேய்மானப் பணம்

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே சலவைக்கடையின் பின்வாசல். ஒட்டுக்கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. அவர்கள் மெதுவாகப் பேசியிருந்தால் நான் ஏன் கேட்டிருக்கப்போகிறேன்?

அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்திய கடை. லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தருவார்கள். அண்ணன் வேலையில் புலி. ஆடிட்டர் வருஷக் கணக்கை நீட்டினால் மட்டும், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பதோடு அவர் படிப்பு முடிந்துவிடும். தம்பி, லாபம் எவ்வளவு என்ற ஒரே வரியைப் பார்த்துவிட்டுத் தன் பாதியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். அவர் குடும்பம் மாடியில்; பிள்ளையில்லாத அண்ணனும் மனைவியும் கீழே. தம்பியின் மகள் பாதிநாள் பெரியப்பா தோளில்தான் இருப்பாள்.

பெரிய மெஷின் ஒருநாள் கடகடவென்று அலறிவிட்டு நின்றுபோனது. பழுதுபார்க்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். புதிதாக வாங்க வேண்டும், கையில் பணமில்லை; அதுவரை சின்ன மெஷின்களை வைத்தே கடையை ஓட்டினார்கள். அப்போதுதான் தம்பி வாழ்க்கையில் முதல்முறையாக லாப நட்டக் கணக்கை மேலிருந்து கீழ்வரை படித்தார். படிக்காமலே இருந்திருக்கலாம்.

"அண்ணே, மெஷின் தேய்மானம்னு வருஷா வருஷம் கழிச்சிருக்கு. புது மெஷினுக்குன்னு எடுத்து வெச்சதுதானே? எங்க அந்தப் பணம்?"

அண்ணன் திருதிருவென்று முழித்தார். தெரியாதவன் முழிப்பதும் திருடினவன் முழிப்பதும் பார்க்க ஒரே மாதிரி இருந்து தொலைக்கிறது.

ஆடிட்டர் வந்தார். மெஷின் பழசாகப் பழசாக மதிப்பு குறைகிறது, அதைத்தான் செலவாக எழுதியிருக்கிறது, யாரும் தனியே எடுத்து வைக்கவில்லை என்று பொறுமையாகத்தான் சொன்னார். தம்பி விடவில்லை. அதைக் கழித்ததால் என் பங்கு குறைந்ததா இல்லையா? குறைந்தது. அப்படியானால் அந்தப் பணம் கடையில் இருக்க வேண்டுமா வேண்டாமா? நியாயமான கேள்விதான்.

"பேங்க் கடன்ல வாங்கின மெஷின் தம்பி இது. நீங்க கட்டின அசல்ல போயிருச்சு அந்தப் பணம். அசல் இந்தப் பக்கத்துல வராது. அடுத்த பக்கத்தைப் பாருங்க, கடன் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும்."

தம்பி பக்கத்தைப் புரட்டவில்லை. ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுப்பது யார் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து குழந்தை இறங்கி வந்தால் பாதிப் படியிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணனால் தாங்க முடியவில்லை. பெரிய லாட்ஜ் முதலாளியிடம் ரகசியமாகக் கடன் வாங்கி, அந்தத் தேய்மானப் பணத்தில் தம்பியின் பாதி என்று கொடுத்துவிட்டார். சலவைப் பில்லில் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. லாட்ஜ் மேனேஜர் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாயில் எதுவும் தங்காது, நல்ல பிள்ளை.

குழந்தை மறுபடி இறங்கி வந்தாள். தம்பியோ பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு தெருவெல்லாம் கேட்டார்: "இல்லாத பணம் எப்படிங்க வந்துச்சு?"

கடன் விஷயத்தை நானும் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. தெருவுக்குத் திருட்டுக் கதைதான் பிடித்திருந்தது.

கடைசியில் அண்ணன் மனைவியே பின்வாசலில் வைத்துக் கேட்டாள்.

"ஏங்க, எனக்கும் தெரியாமலா வெச்சிருந்தீங்க?"

கடன் என்று சொன்னால் அவள் நேராக மாடிக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்பாள். குழந்தை வருவது நின்றுவிடும். அவர் ஈரவிரிப்பை உதறிக் கொடியில் போட்டார்.

"ஆமா. வெச்சிருந்தேன்."

அன்றே கல்லாச் சாவி அவள் கைக்குப் போனது. கடன் என்று அவளிடமே ஜாடையாகச் சொன்னேன். அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டாரே அக்கா என்றாள். இப்போது மாதாமாதம் லாட்ஜ் பணம் குறைந்து வருகிறது. இன்னும் கைவைக்கிறார் என்று மாடிக்குப் போய்க் கொழுந்தனிடம் சொல்லி அழுதாள். அப்படிப்பட்ட மனுஷனிடம் பிள்ளையை விடுவதாவது என்று தம்பி மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.