பாமாயில் புகாத வீடு

பெரும்புகை வருஷம் முடிந்து மழை இறங்கிய பதினோராம் நாள், யுஸ்னிதார் ஒரு தேங்காய் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபோது அதற்குள்ளிருந்து புகை வந்தது. பாக்கெட் சூடாக இல்லை. பிஸ்கட்டும் கருகியிருக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பதினாறு பிஸ்கட்டுகளின் நடுவிலிருந்து, மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், சதுப்புக் காடு எரியும் அதே நாற்றத்தோடு எழுந்து, கூரைத் தகரத்தைத் தொட்டு, அரைமணி நேரம் அங்கேயே நின்று பிறகு கலைந்தது. அன்று அந்த ஆற்றங்கரை ஊரான சுங்கை லுமுட்டில் செம்பனைக் குலை விலை கிலோவுக்கு நூறு ரூப்பியா இறங்கியிருந்ததால் ஊரில் முதலில் பேசப்பட்டது அதுதான். பிஸ்கட் விஷயம் மறுநாள்தான் வெளியே தெரிந்தது.

அந்த வருஷம் ஆற்றின் இரு கரையிலும் புதுத் தோட்டங்களுக்காக வைத்த நெருப்பு மண்ணுக்குள் இறங்கி இரண்டு மாதம் அணையாமல் கிடந்தது. படகுகள் நண்பகலில் விளக்கு ஏற்றிக்கொண்டு போயின. சேவல்கள் பொழுது விடிந்ததா இல்லையா என்று குழம்பிப்போய்க் கூவுவதையே விட்டுவிட்டன. நாற்பத்தொன்றாம் நாள் யுஸ்னிதாரின் மகன் இல்ஹாம் மூச்சு விடுவதை நிறுத்தினான். அவனுக்குப் பதினொரு மாதம். மூத்தவள் மெலாத்திக்கு நான்கு வயது. அவள் பிழைத்தாள். ஆனால் சுகாதார நிலையத்து நர்ஸ் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு, இந்த நெஞ்சு இன்னொரு புகையைத் தாங்காது என்று யுஸ்னிதாரிடம் தனியாகச் சொன்னாள்.

அதனால் பிஸ்கட்டிலிருந்து புகை வந்ததும் யுஸ்னிதார் வியப்பதற்கு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மெலாத்தியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த தியுர்மாவின் கடைக்கு ஓடினாள். மறுநாள் நூடுல்ஸ் பாக்கெட்டில் வந்தது. அதற்கடுத்த நாள் வாழைக்காய் பொரிக்கச் சட்டியில் எண்ணெய் ஊற்றியபோது எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்கு வந்தது. துணி சோப்பு நுரைத்தபோது ஊதுபத்தி அளவுக்கு, பற்பசையைப் பிதுக்கியபோது ஒரு பொட்டு. பள்ளிவாசல் இமாம் வந்து ஓதிப் பார்த்தார். தோட்டத்து எலக்ட்ரீஷியன் வந்து வயரிங்கைக் கழற்றி மாட்டினான். நர்ஸ் வந்து இருமிவிட்டுப் போனாள். யுஸ்னிதாரின் கணவன் ஜம்ஹூர் அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் குடிபோனான். நான்காம் நாள் தம்பி வீட்டிலும் புகைந்தது. தம்பி மனைவி அவர்களுடைய பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்தாள். யுஸ்னிதார் படுத்துறங்கும் வீடு எதுவோ அதில் மட்டும் புகையும் என்பது இப்படித் தெளிவானது.

எதனால் புகைகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் தியுர்மா. பத்தாக் இனத்துக்காரி, வடக்கேயிருந்து வந்து இருபது வருஷமாக அங்கே மளிகைக் கடை நடத்துபவள். புகைந்த பாக்கெட்டுகளின் உறைகளையெல்லாம் கல்லா மேசையில் பரப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"எல்லாத்துலயும் ஒண்ணு இருக்குடி. பாமாயில்."

"இதுல தாவர எண்ணெய்னுதானே அக்கா போட்டிருக்கு?"

"எந்தத் தாவரம்? இந்த ஊர்ல வேற என்ன தாவரத்தை மிச்சம் வெச்சிருக்கான்?"

யுஸ்னிதார் வெளியே பார்த்தாள். கடையின் பின்னாலும் பள்ளிவாசலின் பின்னாலும் மயானத்தின் பின்னாலும் அந்த எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசை வரிசையாக நின்றது. ஜம்ஹூர் அந்தத் தோட்டத்தில்தான் நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கிறான். அவளும் கல்யாணமான புதிதில் அங்கே உதிரிப்பழம் பொறுக்கியவள்தான்.

பாமாயில் சேராத மளிகைச் சாமான் தேடும் வேலை அன்றைக்குத் தொடங்கியது, பிறகு முடியவேயில்லை. தியுர்மாவின் கடையில் முந்நூற்றுச் சொச்சம் பொருள் இருந்தது. அரிசி, உப்பு, சர்க்கரை, கருவாடு, முட்டை, மிளகாய், டீத்தூள் என்று தேறியவை பதினெட்டு. மற்றதெல்லாம் ஏதோ ஒரு பெயரில் அந்த எண்ணெயைக் கொஞ்சம் வைத்திருந்தன. கொழுப்பு என்று ஒரு டப்பாவில், கிளிசரின் என்று இன்னொன்றில், பால்மாவில் பால்மாவைப் போலவே. யுஸ்னிதார் உறைகளின் பின்பக்கத்துப் பொடியெழுத்தை வாசித்து வாசித்து முப்பத்திரண்டு வயதில் கண்ணாடி போட்டாள். மாதம் ஒருமுறை படகில் நான்கு மணி நேரம் கீழாற்றுக்குப் போய், தென்னை இன்னும் நிற்கிற கிராமங்களில் தேங்காய் வாங்கி வந்து, துருவி, பால் பிழிந்து, காய்ச்சி, எண்ணெய் எடுத்தாள். பத்துத் தேங்காய்க்கு ஒரு பாட்டில். அந்த எண்ணெயிலேயே காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சினாள், அது நுரைக்காமல் வழுவழுத்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பொட்டலம் பிரிக்கும்போது மெலாத்தி அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றாள். தோளும் முழங்கையும் வலிக்காத நாள் எப்படி இருக்கும் என்பது யுஸ்னிதாருக்கு மெல்ல மறந்துபோனது. படுக்கும்போது வலிக்கும், எழும்போதும் அதே இடத்தில் வலிக்கும். அவ்வளவுதான்.

எழுத்தைவிடப் புகை நம்பகமானது என்பதையும் அவள் பார்த்துவிட்டாள். மெலாத்தியின் ஏழாவது பிறந்தநாளுக்குப் பெக்கான்பாரு நகரத்திலிருந்து ஒரு கேக் டப்பா வரவழைத்தாள். வெளிநாட்டுச் சரக்கு. மேலே பச்சை இலை ஒன்று வரைந்து, பாமாயில் துளியும் இல்லை என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. பிரித்ததும் புகைந்தது. மூன்று மொழிக்கும் சேர்த்துப் புகைந்தது என்றாள் தியுர்மா. அதே வாரம், படகுத்துறையில் பேர் ஊர் எதுவும் போடாத பையில் ஒரு கிழவர் விற்ற, மணலில் வறுத்த அப்பளம் புகையவில்லை. மெலாத்தி அந்த அப்பளத்தில் ஏழு தின்றாள்.

இந்தச் சேதி எப்படியோ கீழாறுவரை பரவி, தேங்காயெண்ணெய் வியாபாரிகள் பாட்டில்களோடு வரத் தொடங்கினார்கள். கலப்படமில்லை என்று நிரூபித்துத் தரவேண்டும், யுஸ்னிதார் வீட்டில் திறந்து பார்த்தது என்று லேபிளில் போட்டுக்கொள்வார்களாம். முதல் இரண்டு பேருக்குத் திறந்து பார்த்தாள், இரண்டுமே புகைந்தன. மெலாத்தி இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாவது ஆளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இது என்ன ஆபீஸா? என் பொண்ணு மூச்சு விடணும், போங்க."

ஜம்ஹூரின் பாடு தனி. பகலெல்லாம் குலை அறுத்துவிட்டுப் பசியோடு திரும்புகிறவன் தியுர்மாவின் கடை வாசலில் எண்ணெய்ச் சட்டியைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். அவன் வாழைக்காய் பஜ்ஜி நான்கு தின்பான். தின்றுவிட்டு வீட்டுக்குள் வந்து வாயைத் திறந்தால் புகை வரும். ஒரு சொல்லுக்கு ஒரு சுருள். வாயைக் கழுவினாலும் வெற்றிலை போட்டாலும் வரும். தின்னாமல் இருந்து பார்த்தான், மூன்று நாளுக்குமேல் முடியவில்லை. அதனால் அவன் வீட்டுக்குள் பேசுவதை விட்டான். பேச வேண்டியதிருந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு கத்துவான்.

"யுஸ்! கொசுவலை கிழிஞ்சிருக்குன்னியே, எந்தப் பக்கம்?"

"கால்மாட்டுல!"

"கால்மாடுன்னா யார் கால்மாடு?"

இப்படியே ஆறு வருஷம் அவர்களுடைய குடும்ப விஷயம் முழுக்க ஊருக்குத் தெரிந்திருந்தது, ஒன்றைத் தவிர. இல்ஹாமைப் பற்றி அவன் வாய்க்காலின் எந்தப் பக்கம் நின்றும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏழாவது வருஷம் நாடு முழுக்கச் சமையல் எண்ணெய் கிடைக்காமல் போனது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை நிற்கிற சுங்கை லுமுட்டில் ஒரு லிட்டர் பாமாயிலுக்கு விடியலிலிருந்து வரிசை நின்றார்கள். லிட்டர் பதினாலாயிரம் ரூப்பியா என்று அரசாங்கம் சொன்னது. அந்த விலைக்குக் கடையில் வெறும் அலமாரி இருந்தது. தியுர்மா தன் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு யுஸ்னிதாரிடம் வந்து நின்றாள்.

"உன்கிட்ட ஒரு பாட்டில் இருக்குமாடி? சிரிக்காத."

"நான் எங்க அக்கா சிரிச்சேன்? தோள்பட்டை போகுது. நீங்களே துருவிக்கிறீங்கன்னா ரெண்டு பாட்டில் எடுத்துக்குங்க."

பஜ்ஜி இல்லாமல் போன அந்த வருஷத்து நோன்பு மாதத்தில் ஜம்ஹூர் ஒரு முடிவெடுத்தான். முப்பது நாளும் நோன்பு திறக்கையில் யுஸ்னிதார் சமைத்ததைத் தவிர வேறெதையும் தொடவில்லை. தோட்டத்தில் தண்ணீர்கூட அவள் கொடுத்தனுப்பிய குடுவையிலிருந்துதான் குடித்தான். பெருநாள் காலை குளித்து, புதுச் சட்டை போட்டு, தொழுதுவிட்டு வந்து, வழக்கப்படி மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதற்காக அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஆறு வருஷம் கழித்து அவன் வீட்டுக்குள் பேசப்போகிறான் என்று மெலாத்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. "தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச தப்பையெல்லாம்" என்று ஜம்ஹூர் தொடங்கினான். புகை வந்தது. பஜ்ஜிப் புகை மாதிரி இல்லை. வாய் கொள்ளாமல் வந்தது.

யுஸ்னிதார் எழுந்துவிட்டாள்.

"பெருநாள் அதுவுமா பொய் வேஷமா? எங்க தின்னீங்க?"

"ஒண்ணும் தின்னல."

"அப்ப இது என்ன?"

"இது தின்னது இல்ல." அவன் தரையைப் பார்த்தான். "அந்த வருஷம் ஆத்துக்கு மேற்கால இருபது ஏக்கரைச் சுத்தம் பண்ணணும்னு ஒரு கான்ட்ராக்டர் வந்தான். நாலு பேர் போனோம். டீசல் கேன் என் கையில இருந்துச்சு. ஒரு வாரத்துல மழை வந்துடும்னான், யுஸ். நான் நம்பிட்டேன். எல்லாருமே அப்படித்தானே பண்ணினாங்கன்னு நெனச்சேன். புள்ளைக்கு ஒரு தொட்டில் வாங்கலாம்னு போனேன்."

புகை மார்பளவுக்கு இறங்கியிருந்தது. மெலாத்தி இரண்டுமுறை இருமினாள். பிறகு பெருநாள் தட்டிலிருந்து ஓலையில் பொதிந்த சோற்றுக் கட்டிகளில் இரண்டையும், தேங்காய்ப்பாலில் வற்றவைத்த ரெண்டாங் இறைச்சிக் கறியைக் கிண்ணம் நிறையவும் எடுத்துக்கொண்டு, "நீங்க பேசி முடிங்க, நான் தியுர்மா பெரியம்மா வீட்டுல இருக்கேன்" என்று சொல்லி, போகிற வழியில் இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே போனாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் யுஸ்னிதார்.

அவன் நிமிர்ந்தான்.

"ரெண்டு நாள் கழிச்சு வந்தீங்களே, அந்தச் சட்டையைத் துவைச்சது யாரு? நாலு தண்ணி அலசினேன். டீசல் நாத்தம் போகல."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்களேன்னுதான்."

யுஸ்னிதார் அழவில்லை, அவனைத் தொடவும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புகை கலைகிறவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஏழு வருஷத்தில் அவள் பட்டப்பகலில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்படியே தூங்கிப்போனாள். பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் ஜன்னல் வழியாக அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப்போனார்கள்.

நாற்பது நாள் அவள் அவனுக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. அந்த நாற்பது நாளுக்குள் ஜம்ஹூர் தோட்டத்தில் கணக்கு முடித்து, அரிவாள் கழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழாற்றில் தேங்காய்ப் படகு ஒன்றில் சுமை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தான். வருமானம் பாதியானது. சனிக்கிழமைகளில் முப்பது தேங்காயோடு வந்து, யாரும் சொல்லாமல் துருவுபலகையில் தானே உட்கார்ந்தான். முதலில் அவனுக்குக் கை பழகாமல் ஓடும் சேர்ந்து வந்தது. நாற்பத்தொன்றாம் நாள் யுஸ்னிதார் அவனுக்கு எதிரே பாத்திரத்தை நகர்த்தி வைத்து, "கறுப்புத் தோல் சேராம துருவுங்க, எண்ணெய் கசக்கும்" என்றாள். அவன் "சரி" என்றான். ஒரு சுருள் வந்தது.

மன்னித்தாளா என்று தியுர்மா பிறகொருமுறை நேரடியாகவே கேட்டாள். "அதுக்கெல்லாம் தெம்பு வேணும் அக்கா. இப்ப துருவறதுக்கு ஒரு ஆள் இருக்கு" என்றாள் யுஸ்னிதார். தியுர்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாளா இல்லையென்று எடுத்துக்கொண்டாளா என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

புகை நிற்கவில்லை. பிஸ்கட்டுக்குப் பிஸ்கட் அளவில், சோப்புக்குச் சோப்பு அளவில் இன்றைக்கும் வருகிறது. தியுர்மா கடையில் அடித்தட்டு ஒன்றை யுஸ்னிதாருக்கென்றே ஒதுக்கிவிட்டாள். அதில் இப்போது இருபத்தேழு பொருள் இருக்கிறது. நெஞ்சு பலவீனமான பிள்ளைகளைப் பெற்ற மற்றவர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மெலாத்தி பதினைந்து வயதில் படகுப்போட்டியில் துடுப்புப் போடுகிறாள். ஜம்ஹூர் பஜ்ஜியை அறவே விட்டுவிட்டான். ஆனாலும் பேசினால் புகை வருகிறது, முன்னைவிட மெலிதாக. அதற்காக அவனுக்கு ஜன்னலோரம் பாய் போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவான். ரொம்ப நாள் பேசாததாலோ என்னவோ நிறையப் பேசுகிறான், பெரும்பாலும் இல்ஹாமைப் பற்றித்தான். பிள்ளை அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்தது, தவழும்போது வலது காலை மட்டும் தரையில் இழுத்துக்கொண்டு போனது, மழைச் சத்தம் கேட்டால் சிரித்தது. யுஸ்னிதார் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள். சில சமயம், "வலது கால் இல்லை, இடது" என்பாள். படகுத்துறைப் பாதையில் போகிறவர்கள் அந்த ஜன்னலிலிருந்து புகை வருவதைப் பார்த்துவிட்டு, "ஜம்ஹூர் பேசிட்டிருக்கார்" என்று சொல்லிக்கொண்டு நடந்துவிடுவார்கள்.