உமைமா எழுதிய உவமை

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜெஸி டீச்சர் அந்த வரியை மூன்றாவது முறையாகப் படித்தாள். 'என் அம்மியின் கை வெட் ப்ளூ தோல் போல இருக்கும்.' ஆறாம் வகுப்பு உமைமா தன் அம்மாவைப் பற்றி எழுதிய கட்டுரை. அதன் குறுக்கே தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி பென்சிலால் போட்ட பெருக்கல் குறி.

வெட் ப்ளூ என்றால் ஆம்பூரில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். குரோமில் ஊறி, நீலம் பாரித்து, ஈரத்தோடு அடுக்கி வைத்த தோல்.

"ஸ்கூல் மலர்ல பெத்தவ கையத் தோலுன்னு போட்டா ஊரே சிரிக்கும் டீச்சர். தாமரை போன்ற கைன்னு மாத்திடுங்க. சாயங்காலம் அச்சுக்குப் போவணும்" என்றிருந்தார் அவர்.

"அவங்கம்மாவே சம்மதிச்சா?"

"வரச் சொல்லுங்க, பாப்போம்."

வினையை விதைத்தது ஜெஸிதான். முப்பத்தெட்டு பிள்ளைகளும் நிலா முகம், முத்துப் பல், மான் விழி என்று நோட்ஸிலிருந்து அள்ளிப் போட்டிருந்தார்கள். "மான் கண்ணை யாருடா கிட்டப் போய்ப் பாத்தீங்க? தொட்டுப் பாத்ததை எழுதுங்க, மோந்து பாத்ததை எழுதுங்க" என்று அத்தனை நோட்டையும் திருப்பிக் கொடுத்தவள் அவள்.

அவளும் ஒரு காலத்தில் அள்ளிப் போட்டவள்தான். ஐந்தாவது படிக்கையில் 'என் தந்தை' என்று கட்டுரைப் போட்டி. அப்பா கிறிஸ்துராஜுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோடு வேலை. சாயங்காலம் சைக்கிளை விட்டு இறங்கியதும் அந்த வாடையோடு அப்படியே அவளைத் தூக்கி, கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்ப்பார். அவள் எழுதினாள்: 'என் தந்தை வீட்டுக்குள் நுழைந்தால் மல்லிகை போல மணக்கும்.' முதல் பரிசு. ஆண்டு விழாவில் மைக்கில் படித்தபோது கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், அப்பா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே குழாயடிக்குப் போனார். இரண்டு தரம் சோப்புப் போட்டு, கழுத்தெல்லாம் பவுடர் அப்பிக்கொண்ட பிறகுதான் அவளைத் தூக்கினார். அதற்கப்புறம் எந்த நாளும் அப்படித்தான். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பஸ் தோல் ஷாப் பக்கம் திரும்பும்போது எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். ஜெஸி மட்டும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

மதியம் தோல் ஷாப்பில் அரை மணி பர்மிஷன் சொல்லிவிட்டு உமைமாவின் அம்மா ஜஹீருன்னிசா வந்தாள்.

"இன்னா டீச்சர், எதுனா பேஜார் பண்ணிட்டாளா?"

ஜெஸி நோட்டை நீட்டினாள். ஜஹீருன்னிசா எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி மெதுவாகப் படித்தாள். சுந்தரமூர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உமைமா சுவரை ஒட்டி நின்றாள்.

"தப்பு டீச்சர்."

ஜெஸி நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"வெட் ப்ளூ மெத்துனு ஈரமா இருக்கும். பன்னெண்டு வருசமா அதுக்கு ஓரம் வெட்றவ, எனக்குத் தெரியாதா? என் கை காஞ்சி போய் சொரசொரன்னு கெடக்குது. காய வெச்ச தோலுன்னு எழுதச் சொல்லுங்க."

தலைமையாசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உமைமாவுக்கு வரவில்லை.

"இல்ல அம்மி. எனக்கு ஜுரம் வந்தப்போ நீ ஷாப்லேர்ந்து வந்து நெத்தியில கைய வெச்ச இல்ல? ஜில்லுனு இருந்திச்சு. அப்புறம் உனக்கு சாப்பாடு எடுத்தாந்தப்போ அந்தத் தோலத் தொட்டுப் பாத்தேன். அதேதான்."



"அப்படியே இருக்கட்டும் டீச்சர்" என்றாள் ஜஹீருன்னிசா.

சுந்தரமூர்த்தி இழுப்பறையைத் திறந்து ரப்பரைத் தேடினார். ஜஹீருன்னிசா யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி, வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். சற்று யோசித்து, கன்னத்துக்கு மாற்றி வைத்துப் பார்த்தாள்.